ருஷ்யாவும் மேலைநாடுகளும்: பிளவு வளர்ந்த வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் மலைச்சாலை, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அங்கே தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. மேட்டின் கீழ்ப்புறம் பெய்யும் மழை கொட்டக்குடி ஆற்றில் இறங்கி வைகையைச் சேர்கிறது. மேற்புறம் பெய்வது பன்னியாற்றின் வழியே பெரியாற்றில் கலந்து அரபிக் கடலை நாடுகிறது. மேகம் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். ஆயினும் துளி விழும் இடத்திலுள்ள ஒரு முழ வேற்றுமை அதனை வேறு திசைக்கு அனுப்பிவிடுகிறது. நாடுகளின் உறவும் சில வேளைகளில் இத்தகையதே. 1990ஆம் ஆண்டில் ஒரே மேட்டில் கைகோத்து நின்ற ருஷ்யாவும் மேலைநாடுகளும், முப்பத்திரண்டே ஆண்டுகளில், ஒன்றையொன்று பகைநாடாகக் கருதும் நிலையை எய்தின.

போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சூரியநெல்லி, தேவிகுளம், பீர்மேடு எனப் பரந்து கிடக்கும் மலைகளில் ஏலமும் தேயிலையும் விளைகின்றன. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருவோரில் பெரும் பகுதியினர் தமிழ் மக்கள். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தமையால், இருந்த இடத்தில் இருந்தவாறே வெளிமாநிலத் தமிழராகிவிட்டவர்கள் அவர்கள். பிற மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு அவர்களுடைய நிலை புரியாததன்று. லயத்தில் வாழும் தொழிலாளிக்கு மாஸ்கோவும் வாஷிங்டனும் எட்டாத நகரங்களாகத் தோன்றலாம். ஆனால் அவ்விரு நகரங்களின் உறவு மாறியபோதெல்லாம் அதன் அதிர்ச்சி நம் தென்னாட்டு மலைகளையும் எட்டியிருக்கிறது. இடுக்கியின் தேயிலை, மகேந்திரகிரியின் ராக்கெட் எஞ்சின், கூடங்குளத்தின் அணு உலை ஆகிய மூன்றும் அதற்குச் சான்றுகள். இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, அப்பெரும் பிளவு எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வோம்.

முதலில் பழைய வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். ஹிட்லரை வீழ்த்துவதில் தோளோடு தோள் நின்ற சோவியத் யூனியனும் மேலைநாடுகளும் வெற்றி கிட்டிய சில ஆண்டுகளுக்குள் பிரிந்தன. 1948 ஜூனில் பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் வழிகளைச் சோவியத் படைகள் அடைத்தன. 1949 ஏப்ரல் 4ஆம் நாள் 12 நாடுகள் கூடி வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதுவே நேட்டோ எனப்படும் கூட்டணி. 1955 மே மாதத்தில் சோவியத் தரப்பு வார்சா ஒப்பந்தத்தை நிறுவி அதற்கு விடையளித்தது. உலகம் இரு பாசறைகளாகப் பிரிந்தது.

விடுதலை பெற்ற இந்தியா எப்பாசறையிலும் சேரவில்லை. இரு தரப்பினரோடும் வாணிகம் செய்தது. 1953 டிசம்பர் 2ஆம் நாள் சோவியத் யூனியனுடன் ஐந்தாண்டு வர்த்தக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. நாளடைவில் அவ்வாணிகம் முழுவதும் ரூபாய்க் கணக்கிலேயே நடைபெறலாயிற்று. டாலருக்கும் பவுனுக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்களில் இஃது இந்தியாவுக்குப் பெருந்துணையாயிற்று. எந்திரங்களும் எண்ணெயும் ஆயுதங்களும் அங்கிருந்து வந்தன. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. அவற்றுக்கு ஈடாகத் தேயிலையும் மிளகும் காப்பியும் முந்திரியும் கப்பலேறின. 1980களில் இந்தியத் தேயிலையை மிகுதியாக வாங்கிய நாடு சோவியத் யூனியனே. சரக்குக்கு நிலையான கிராக்கி இருந்தது. ஆதலால் தென்னிந்தியத் தோட்டங்கள் அந்த ஒரு சந்தையை நம்பியே நெடுங்காலம் வாழப் பழகிவிட்டன.

அந்த நம்பிக்கை 1991ஆம் ஆண்டின் இறுதியில் தகர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்து 15 தனி நாடுகள் ஆயின. ரூபிளுக்கு நிலையான மதிப்பு இல்லை. ருஷ்ய அரசின் கொள்முதல் நிறுவனங்கள் சிதறின. 1993 ஜனவரியில் அதிபர் யெல்ட்சின் புதுடில்லி வந்தபோது, இந்தியா செலுத்த வேண்டிய பழைய கடன் ரூபாய்க் கணக்கில் வரையறுக்கப்பட்டது. ஒரு பகுதியை 12 ஆண்டுகளிலும் எஞ்சியதை 45 ஆண்டுகளில் வட்டியின்றியும் செலுத்துவதென முடிவாயிற்று. அந்த ரூபாயைக் கொண்டு ருஷ்யா மீண்டும் இந்தியச் சரக்குகளை வாங்கியதால் தேயிலை வாணிகத்துக்கு ஓரளவு மூச்சு வந்தது. ஆனால் 1998 ஆகஸ்டில் ரூபிள் மறுபடியும் வீழ்ந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் தேயிலை விலை சரிந்தது. முதுமையடைந்த செடிகள், ஏறிய உற்பத்திச் செலவு, கென்யா, இலங்கை ஆகியவற்றின் போட்டி ஆகிய காரணங்களும் இதனோடு சேர்ந்துகொண்டன. பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் கிட்டாமல், ஒழுகும் லயங்களில் தொழிலாளர் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. பலர் மலையிறங்கிப் பிழைப்புத் தேடிப் போயினர். வல்லரசு ஒன்று கலைவதென்பது வரைபடத்தில் நிறங்கள் மாறுவதோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு அக்குடும்பங்களே சாட்சி.

நிற்க. புதிய ருஷ்யா மேலைநாடுகளின் பகையாளியாகப் பிறக்கவில்லை. யெல்ட்சினின் வெளிநாட்டு அமைச்சர் கோசிரெவ், ருஷ்யா மேலை உலகின் ஓர் உறுப்பாக வேண்டும் என்ற கொள்கையுடையவர். அக்காலத்தில் ருஷ்யா மேலைநாடுகளுக்கு எந்த அளவு இணங்கி நடந்தது என்பதை அறிய நாம் திருநெல்வேலிச் சீமைக்கு வரல் வேண்டும்.

போடிமெட்டைத் தாங்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே நீண்டு குமரிக்கு அருகில் மகேந்திரகிரியாக நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஞ்சின் சோதனைக் களம் உள்ளது. கனமான துணைக்கோள்களை உயரே செலுத்துவதற்குக் கடுங்குளிர் எஞ்சின் தேவை. அதில் எரிபொருளாகும் ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகை செல்சியஸிலும், அதனை எரிக்கும் ஆக்சிஜன் மைனஸ் 183 பாகையிலும் திரவமாக நிற்க வேண்டும். இத்தொழில்நுட்பம் அந்நாளில் சில நாடுகளிடமே இருந்தது. 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமாகிய கிளாவ்கோஸ்மாஸுடன் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. எஞ்சின்களோடு அவற்றை ஆக்கும் நுட்பத்தையும் தருவதென்பது அதன் உயிர்நாடியான விதி. அமெரிக்கா மறுப்புத் தெரிவித்தது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டுக்கு இது முரண் என்று கூறி, 1992 மே மாதத்தில் இரு நிறுவனங்கள்மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. ஏவுவதற்குமுன் நெடுநேரம் எரிபொருள் நிரப்ப வேண்டிய எஞ்சின் போர் ஏவுகணைக்கு உதவாது என்று இந்திய அறிவியலார் எடுத்துரைத்தும் பயன் விளையவில்லை. 1993 ஜூலையில் ருஷ்யா பணிந்தது. தொழில்நுட்பத்தை விலக்கி, ஏழு எஞ்சின்களை மட்டும் தர இசைந்தது. அதனை அடுத்து வணிக ராக்கெட் ஏவுதலிலும், பன்னாட்டு விண்வெளி நிலையத் திட்டத்திலும் ருஷ்யாவுக்கு இடம் கிடைத்தது.

அமெரிக்காவின் நட்பு தனக்கு இன்றியமையாதது என்று ருஷ்யா 1993இல் கருதியது என்பதே இதன் பொருள். இந்தியாவுடன் நாற்பதாண்டு நட்புக் கொண்டிருந்தும், ஒப்பந்தத்தை மாற்ற அது தயங்கவில்லை. இந்த முதல் அளவை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

அந்த நிலை ஏன் மாறியது? இங்கே இரு தரப்பினரின் நியாயங்களையும் நடுநின்று கேட்டல் வேண்டும். 1990 பிப்ரவரியில் ஜெர்மானிய இணைப்பைப் பற்றிப் பேசுகையில், நேட்டோவின் அதிகாரம் கிழக்கு நோக்கி நகராது என்னும் கருத்தை அமெரிக்க வெளியுறவுச் செயலர் பேக்கர் கோர்பசெவிடம் வெளியிட்டார். ஆனால் அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கையில், ஜெர்மனிக்கு அப்பாலுள்ள நாடுகளைப் பற்றி அத்தகைய விதி ஒன்றும் எழுதப்படவில்லை. வாய்மொழியை ருஷ்யா வாக்குறுதியாகக் கொண்டது. எழுத்தில் இல்லாதது கட்டுப்படுத்தாது என்றனர் மேலைநாட்டார். போலந்து, ஹங்கேரி, செக் நாடு முதலியவற்றின் வாதமோ வேறு. 1956இல் புடாபெஸ்ட் வீதிகளிலும் 1968இல் பிராகா வீதிகளிலும் சோவியத் டாங்கிகள் உருண்டதை மறவாத அம்மக்கள், தங்கள் பாதுகாப்பைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கோரினர். அஃது அவர்களுடைய உரிமை என்பதை எவரும் மறுத்தல் இயலாது. எனினும் நேட்டோவை விரிப்பது பெரும்பிழையாக முடியும் என்று, அமெரிக்காவின் பழம்பெரும் இராஜதந்திரியும் சோவியத் விவகாரங்களில் வல்லவருமான ஜார்ஜ் கென்னன் 1997இல் எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை.

1999 மார்ச் 12இல் அம்மூன்று நாடுகளும் நேட்டோவில் சேர்ந்தன. அடுத்த பன்னிரண்டாம் நாள், ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றியே, யுகோஸ்லாவியாவின்மீது நேட்டோ விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. கொசோவோவில் அல்பேனிய மக்கள் ஒடுக்கப்படுவதைத் தடுப்பதே நோக்கம் என்றனர் மேலைநாட்டார். அப்போது வாஷிங்டனை நோக்கிப் பறந்துகொண்டிருந்த ருஷ்யப் பிரதமர் பிரிமகோவ், அட்லாண்டிக் கடலின் மேலேயே விமானத்தைத் திருப்பச் செய்து மாஸ்கோ மீண்டார். ருஷ்யக் கொள்கை திசை திரும்பியதற்கு அதனினும் தெளிவான அடையாளம் வேண்டுமோ?

உண்மையில் அத்திருப்பம் முன்பே தொடங்கிவிட்டது. 1996 ஜனவரியில் கோசிரெவ் விலகப் பிரிமகோவ் வெளிநாட்டு அமைச்சரானார். உலகம் ஒரே வல்லரசின் தலைமையில் இயங்குதல் ஆகாது என்பது அவர் கோட்பாடு. அதன் விளைவைக் கூடங்குளத்தில் காண்கிறோம். அங்கு இரண்டு அணு உலைகள் அமைப்பதற்கு ராஜீவ் காந்தியும் கோர்பசெவும் 1988 நவம்பர் 20ஆம் நாள் ஒப்பந்தம் செய்திருந்தனர். சோவியத் யூனியன் கலைந்ததும் திட்டம் கிடப்பில் கிடந்தது. அணுநிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுச் சோதனைக்கு உட்படுத்தாத நாடுகளுக்கு உலை விற்றல் ஆகாது என்று, அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு 1992இல் விதி வகுத்தது. 1998 மே மாதத்தில் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அமெரிக்கா தடைகளை விதித்தது. அச்சூழ்நிலையில் ருஷ்யா விலகிவிடும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ருஷ்யா புதுடில்லியில் துணை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. 1988ஆம் ஆண்டு ஒப்பந்தம் விதிக்கு முற்பட்டது என்று வாதிட்டு, அமெரிக்காவின் மறுப்பை ஏற்க மறுத்தது. 2002இல் கட்டுமானம் தொடங்கியது. 2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. கடலோர மீனவ மக்களின் அச்சமும் நெடும் போராட்டமும் அத்திட்டத்தின் வரலாற்றில் பிரிக்க இயலாத பகுதி. அது தனியே பேசத்தக்கது.

1993இல் மகேந்திரகிரி, 1998இல் கூடங்குளம். இரண்டும் ஒரே சீமையில் அருகருகே உள்ளன. முன்னதில் அமெரிக்காவின் விருப்பத்துக்கு இணங்கிய ருஷ்யா, பின்னதில் இணங்கவில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் விரிந்த பிளவின் அகலத்தை இதனினும் நேராக அளத்தல் அரிது.

பிளவை மூடும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்கா தாக்குண்டபோது, அதிபர் புஷ்ஷுக்கு முதலில் தொலைபேசியில் ஆறுதல் கூறிய அயல்நாட்டுத் தலைவர் புடினே. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே, 1972ஆம் ஆண்டின் ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. 2003இல் ஈராக்கின்மீது படையெடுத்தது. 2004இல் பால்டிக் நாடுகள் மூன்றும் உட்பட ஏழு நாடுகள் நேட்டோவில் சேர்ந்தன. 2007 பிப்ரவரியில் மியூனிக் நகரில் பேசிய புடின், அமெரிக்கா தன் எல்லைகளை எல்லா வகையிலும் மீறிவிட்டதாக வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். 2008 ஏப்ரலில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒரு நாள் உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது. நாளும் குறிக்கவில்லை, காவலும் அளிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ருஷ்யப் படைகள் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் மறக்க இயலாத நிகழ்ச்சி ஒன்று 2009 மார்ச் 6இல் ஜெனீவாவில் நடந்தது. உறவைப் புதிதாகத் தொடங்குவோம் என்பதன் அடையாளமாக, அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹிலாரி கிளிண்டன் ருஷ்ய அமைச்சர் லாவ்ரோவுக்கு ஒரு சிறு பொத்தானைப் பரிசளித்தார். அதன்மேல் ‘பெரெசக்ரூஸ்கா’ என்று எழுதியிருக்க வேண்டும்; மீண்டும் தொடங்குதல் என்பது அதன் பொருள். எழுதியிருந்ததோ ‘பெரெக்ரூஸ்கா’; அளவுக்கு மீறிய சுமை என்பது அதன் பொருள். இருவரும் சிரித்து முடித்துக்கொண்டனர். அதைவிட ஆழமான வேற்றுமை வேறொரு சொல்லில் உண்டு. பாதுகாப்பைக் குறிக்கும் ருஷ்யச் சொல் ‘பெசபாஸ்னஸ்த்’. ‘ஆபத்தின்மை’ என்பதே அதன் நேர்ப்பொருள். ஆபத்து அறவே இன்மையை ஒரு நாடு தனக்கு வேண்டுமாயின், அதன் அண்டை நாடுகள் எப்பொழுதும் ஆபத்திலேயே வாழ நேரும். தன் கூட்டணி எவருக்கும் தீங்கு எண்ணாதது என்று தானே சான்றளித்துக்கொள்ளும் தரப்பும், எதிரிலிருப்பவர் கண்ணுக்கு அஃது எவ்வாறு தோன்றும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

புதிய தொடக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2010இல் பிராகாவில் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது உண்மையே. ஆனால் 2011இல் லிபியா விவகாரம் வந்தது. குடிமக்களைக் காப்பதற்கெனப் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய தீர்மானத்தில், ருஷ்யாவும் இந்தியாவும் வாக்களியாமல் ஒதுங்கி நின்றன. அத்தீர்மானத்தின் பெயரால் தொடங்கிய போர் கடாபியின் ஆட்சி கவிழும்வரை சென்றது. தான் ஏமாற்றப்பட்டதாக ருஷ்யா கருதியது. 2014இல் கிரிமியாவை ருஷ்யா தன்னோடு சேர்த்துக்கொண்டது. மேலைநாடுகள் தடைகளை விதித்தன. எட்டு நாடுகளின் குழுவிலிருந்து ருஷ்யா நீக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ருஷ்யப் படைகள் உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்தன. தன்னிடமிருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிட்டதற்கு ஈடாக, அதன் எல்லைகளை மதிப்பதாக 1994இல் புடாபெஸ்டில் வாக்களித்த நாடுகளுள் ருஷ்யாவும் ஒன்று. ருஷ்யாவுக்கு இருந்த மனக்குறைகள் எவ்வளவு நியாயமானவையாயினும், அண்டை நாட்டின் நகரங்களைத் தகர்ப்பதற்கு அவை உரிமை தாரா. நேட்டோவின் விரிவைத் தடுப்பதும் அப்போரின் நோக்கம் என்றால் அதுவும் கைகூடவில்லை. நெடுங்காலம் ஒதுங்கி நின்ற பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் அக்கூட்டணியில் சேர்ந்தன.

இனி நம் மலைகளுக்குத் திரும்புவோம். 2022 மார்ச்சில் ருஷ்ய வங்கிகள் பல ஸ்விஃப்ட் எனும் பன்னாட்டுப் பணச்செய்தி அமைப்பிலிருந்து விலக்கப்பட்டபோது, ருஷ்யாவுக்குத் தேயிலை அனுப்புவோர் பணம் எவ்வழி வரும் என்று திகைத்தனர். அவ்வாண்டு ஜூலை 11ஆம் நாள், அயல்நாட்டு வாணிகத்தை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி வழிவகுத்தது. 1950களின் பழைய ஏற்பாடு புது உருவில் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை ருஷ்ய எண்ணெயை இந்தியா ஏராளமாக வாங்கியதால், செலவிட வழியின்றி ரூபாய் ருஷ்யாவிடம் குவிந்தது. 2023 மே மாதம் கோவாவில் லாவ்ரோவே இதனை ஒப்புக்கொண்டார். 2025 ஆகஸ்டில், அவ்வெண்ணெயை வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியச் சரக்குகள்மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி விதித்தது. மொத்த வரி 50 சதவீதமாயிற்று. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் கலங்கியது. மாஸ்கோவின் சந்தை சரிந்தபோது பீர்மேட்டில் தவித்தவர்களும், வாஷிங்டனின் வரி ஏறியபோது திருப்பூரில் அஞ்சியவர்களும் ஒரே வகையினர். இரு பெருநாடுகளின் வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒரு வல்லரசின் நட்பையே முழுதும் நம்பிப் பிழைத்தல் ஆகாது என்பதே. அதனை நன்கு கற்றுக்கொண்ட இடம் மகேந்திரகிரி. 1993இல் தொழில்நுட்பம் மறுக்கப்பட்டதும், நம் அறிவியலார் தாமே அதனை ஆக்க முற்பட்டனர். 2010 ஏப்ரலில் அவர்களுடைய எஞ்சினைத் தாங்கிச் சென்ற ராக்கெட் கடலில் வீழ்ந்தது. அவர்கள் தளரவில்லை, 2014 ஜனவரி 5ஆம் நாள் அஃது வெற்றியுடன் விண்ணிற் பறந்தது. கற்றுக்கொள்ள வாய்ப்பும் முதலும் இல்லாதிருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பிய முடிவு அவர்களுடையதன்று; அதன் விலையை மட்டும் அவர்கள் செலுத்தினர். வல்லரசுகளின் பிளவிலிருந்து நாட்டைக் காப்பது பற்றி ஆலோசிப்போர், எஞ்சினைக் காத்துக்கொள்ள வகை தேடியதுபோலவே, கொழுந்து பறிக்கும் கைகளைக் காக்கவும் வகை தேட வேண்டும். அவ்வாறு செய்யும் நாடே எப்பாசறையிலும் சேராது நிமிர்ந்து நிற்கும் ஆற்றலை உண்மையில் பெற்றதாகும்.